பல்லி இல்லாத ஊரில் சகுனத்தார்

பறவைகளுக்குப் பயந்து பயந்தே பறவை நிபுணரான ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் சகுனத்தார்தான். சந்தேகம் இருப்பவர்கள் ஒஸ்லோவுக்கு வந்து, அம்மருட் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில் யாரையும் விசாரிக்கலாம். அவருடைய சொந்தப் பெயர் தபால்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அவர் மனைவிக்கே யோசிக்க வேண்டிவரும்.

முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. காலையில் கீழ்வாசலுக்கு வந்து தலையை மட்டும் வெளியே நீட்டி வானத்தைப் பார்ப்பார். பறவை வலப்பக்கம் போனால் ரயிலுக்கு ஓடுவார். இடப்பக்கம் போனால் திரும்ப மேலே ஏறித் தேநீர் குடித்துவிட்டு வந்து அடுத்த பறவைக்குக் காவல் இருப்பார். இதற்கென்றே விலை கூடிய தொலைநோக்கி ஒன்று வாங்கினார். தூரத்தில் வரும்போதே பலனைத் தெரிந்துகொண்டால் உள்ளே ஓடிவிடலாமாம்.

நோர்வேக் காகம் அவருடைய தீராத தலைவலி. அது முழுக்கக் கறுப்பு இல்லை, உடம்பில் சாம்பல் நிறச் சட்டை போட்டதுபோல இருக்கும்.

"தம்பி, இது அரைக் காகம். பலனும் அரைவாசியோ, முழுசோ?" என்று என்னைக் கேட்டார். பிறகு கோயில் ஐயருக்கு டெலிபோன் எடுத்தார். "சாத்திரம் எழுதின ஆக்கள் நோர்வேக்கு வரேல்லை" என்று சொல்லி ஐயர் வைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய குறை, இங்கே பல்லி இல்லை. "பல்லி சொல்லாத ஊரிலை மனிசன் ஆரைக் கேட்டு நடக்கிறது?" என்று பெருமூச்சு விடுவார்.

கீழ்மாடியில் இருக்கும் ஆர்னேயும் பெரித்தும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. பறவை என்றால் இருவருக்கும் பைத்தியம். கொட்டும் பனியிலும் தொலைநோக்கியோடு நிற்கும் மனிதரைப் பார்த்துப் பார்த்து, இவர் மகா மேதை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு நாள் வாசலில் மறித்தார்கள். உகண்டாவில் ம்புரோ ஏரிக்கரையில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, நாங்கள் போகிறோம், நீங்களும் வந்தால் எங்களுக்குப் பெருமை என்றார்கள். சகுனத்தார் மறுப்பதற்கு வாய் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காகம் வலப்பக்கம் போய்த் தொலைத்தது.

என் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"அங்கை முதலையும் நீர்யானையும் இருக்காம் தம்பி."

"அப்ப வரேல்லை எண்டு சொல்லுங்கோவன்."

"எப்பிடிச் சொல்லுறது? சகுனம் போகச் சொல்லிப்போட்டுது. போகாட்டில்தான் ஆபத்து. ஆனா மூண்டு பேராய்ப் போகக் கூடாது."

மூன்று பேராகப் போக நேர்ந்தால், நாலாவது ஆளாக ஒரு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது எங்கள் ஆட்களின் வழக்கம். அவருக்கோ பேச்சுத் துணையும் தேவைப்பட்டது. இப்படியாக, ஒரு கல்லுக்குப் பதிலாக நான் ஆப்பிரிக்கா போனேன்.

ஏரியில் படகு ஏறியதுமே என் கையைப் பிடித்தவர் விடவில்லை. ஆர்னேயும் பெரித்தும் தேடி வந்தது ஒரு கூச்சக்காரப் பறவை. கரையோரக் கிளைகளின் நிழலில் பதுங்கி நீந்துமாம். இருவரும் கண் வலிக்கத் தேட, சகுனத்தார் சும்மா விரலை நீட்டினார். அங்கே இருந்தது! பெரித் மகிழ்ச்சியில் அழுதே விட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் காதுக்குள் கேட்டேன்.

"பயந்த சீவன் எங்கை ஒளிக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ?"

அடுத்து, செம்மேனியும் வெள்ளைத் தலையுமாக ஒரு மீன்கழுகு தலைக்கு மேலே பறந்தது. "ஐயோ, கருடன்!" என்று எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தமிழ்ப் பறவை நிபுணர்களின் மரியாதை இதுதான் என்று நினைத்த ஆர்னேயும் எழுந்து தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். படகு ஒருபக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், இரண்டு காதுகளும் இரண்டு கண்களும் தண்ணீரிலிருந்து எழும்பின. படகோட்டி போட்ட சத்தத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்பவன் பிழைக்கமாட்டான் என்று அவர் சொல்லித் தந்தது அப்போதுதான்.

எனக்கும் சகுனத்தாருக்கும் தந்த குடில் ஏரிக்கரையில். பையை வைத்ததும் சுவரில் 'இச் இச்' என்றது. சகுனத்தார் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"கேட்டியோ தம்பி? பல்லி!"

அதன் பிறகு எங்கள் குடிலில் பல்லியின் ஆட்சிதான். பல்லி சொன்னதும் போனை எடுத்துத் திசைகாட்டியைப் பார்ப்பார். கிழக்கு என்றால் குளிப்பார், மேற்கு என்றால் குளிக்கமாட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் வெளியே போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நான் ஒஸ்லோக்காரன். கோடையில் சூரியன் விழுந்த பிறகும் அங்கே புத்தகம் படிக்க வெளிச்சம் இருக்கும். அந்தப் பழக்கத்தில், சூரியன் விழும் நேரம் கழிப்பறைக்குத் தனியே போனேன். அங்கேயோ சூரியன் விழுந்ததும் விளக்கை அணைத்ததுபோல இருட்டிவிடும்; திரும்பி வரும்போது கும்மிருட்டு.

குடிலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பாறை இருந்தது. போகும்போது அது இருக்கவில்லை. பாறை புல்லைப் பிடுங்கி மென்றது. அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. என் முதுகுப் பக்கம் ஏரி. படகோட்டி சொன்ன அதே இடத்தில் நான் நின்றேன். மனைவியின் முகம் வந்தது, பிள்ளைகளின் முகம் வந்தது.

குடிலின் கதவு திறந்தது. இடுப்பில் சாரத்தோடு சகுனத்தார், கையில் டோர்ச். என்னையும் கண்டார், அதையும் கண்டார். ஒரு காலை வெளியே வைத்தார். உள்ளே பல்லி சொன்னது. அந்த நிலையிலும் மனிதர் போனை எடுத்துத் திசை பார்த்தார். வெளிச்சத்தில் அவர் முகம் விழுந்துபோனது தெரிந்தது. காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். டோர்ச்சும் அணைந்தது.

வாழ்க்கையில் ஒருவரையும் நான் அப்படித் திட்டியதில்லை. பல்லியையும் திட்டினேன். வைரவரைக் கூப்பிட்டேன். பாறை தலையைத் தூக்கி என் பக்கம் திரும்பி மூச்சை ஊதியது.

திடீரென்று பக்கவாட்டில் வெளிச்சமும் அதட்டலும். துப்பாக்கியோடு காவலர். நீர்யானை கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு வழியாக ஏரிக்கு இறங்கியது. காவலரின் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வெறுங்காலோடு நின்றவர் சகுனத்தார். பின்யன்னலால் குதித்து, இருட்டில் தனியாகக் காவலரின் கூடாரத்துக்கு ஓடியிருக்கிறார். அந்த வழியில் இன்னொரு நீர்யானை மேய்கிறது, இவர் அதைத் தாண்டித்தான் வந்தார் என்று காவலர் தலையில் கைவைத்தார்.

குடிலுக்குள் வந்தும் அவருடைய பற்கள் கிடுகிடுத்தன. தண்ணீர்க் குவளையை நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

"பல்லி என்ன அண்ணை சொன்னது?"

"தெற்குச் சுவர். யமன்ரை திசை. வெளிக்கிட்டால் உயிர் போகும்."

"பிறகேன் வெளிக்கிட்டனியள்?"

இவ்வளவு நாள் பழகியும் ஒன்றும் விளங்காதவனாக இருக்கிறாயே என்று எரிச்சலோடு என்னைப் பார்த்தார்.

"அது என்ரை உயிருக்கல்லோ சொன்னது. உன்ரை உயிரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

எனக்குச் சகுனத்தில் அன்றைக்கும் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் காலையில் அவர் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் எனக்குத் தும்மல் வந்தால், அவர் வாசலைத் தாண்டி ரயிலடிக்குப் போகும்வரை, கண்ணில் தண்ணீர் முட்ட, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.