ராஜாமணி எட்டு மணி நேரம் படித்தாள்

ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவரை நேரில் பார்க்க வேண்டியதில்லை என்று இருபத்துமூன்று வயதில் நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். மேடையேறிச் சொல்லவும் செய்தேன்.

கொல்லிமலைக்கு இணையம் வந்த புதிது. பத்தாவதோடு படிப்பை விட்ட பெண்களைப் பிளஸ் டூ தனித்தேர்வு எழுத வைக்க ஓர் அறக்கட்டளை அரியூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) ஒரு மையம் தொடங்கியிருந்தது. மூன்று கம்ப்யூட்டர், பதினான்கு மாணவிகள், பாடமெல்லாம் இணையத்தில். அதற்குப் பொறுப்பாளர் நான். ஆனால் இருந்ததோ அடிவாரத்தில், சேந்தமங்கலம் அலுவலகத்தில். காரணம், மலை ஏற எழுபது கொண்டை ஊசி வளைவு. எனக்குப் பத்தாவது வளைவிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். (அலுவலகத்தில் இதை ‘நவீனக் கண்காணிப்பு முறை’ என்று சொல்லியிருந்தேன்.)

முறை என்னவோ நவீனமானதுதான். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. அவள் உள்ளே நுழைந்தால் என் திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். எந்தப் பாடத்தைத் திறந்தாள், எத்தனை நிமிடம் இருந்தாள், பயிற்சித் தேர்வில் எவ்வளவு வாங்கினாள், எல்லாம் அட்டவணையாக விழும். மலைமேல் செம்மேட்டில் மழையா வெயிலா என்று தெரியாது. ராஜாமணி எப்போது கணக்குப்பதிவியல் திறந்தாள் என்று தெரியும்.

அந்த ராஜாமணிதான் என் பெருமை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பச்சைப் புள்ளி அணையாது. தினமும் எட்டு மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. அட்டவணையின் அடியில் வெள்ளையம்மாள் என்று ஒருத்தி. நான்கு மாதத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. பூஜ்யம்.

தேர்வு விண்ணப்பம் அனுப்பும் நேரம் வந்தது. ‘தாங்கள் பாடங்களில் சிறிதும் ஆர்வம் காட்டாததால் தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது’ என்று வெள்ளையம்மாளுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற பதின்மூன்று விண்ணப்பங்களும் நாமக்கல் கல்வி அலுவலகத்துக்குப் போயின. ராஜாமணிக்குச் சிறந்த மாணவி பரிசாக ஓர் அகராதி வாங்கினேன்.

பரிசளிப்புக்கு அறக்கட்டளைச் செயலாளர் அம்மா வந்தார். சென்னையிலிருந்து இரண்டு விருந்தினர்கள் வந்தார்கள். அவர்களுக்காக நானும் முதல்முறையாக மலை ஏறினேன். மையத்து வராந்தாவில் ஒரு கம்ப்யூட்டரை இழுத்துவந்து வைத்து, என் அட்டவணையைத் திறந்து காட்டினேன். ஆளை நேரில் பார்க்கத் தேவையில்லை என்ற அந்தப் பொன்மொழியையும் அப்போதுதான் உதிர்த்தேன். பிறகு ராஜாமணியை அழைத்தேன். முப்பது வயதிருக்கும். பக்கத்து வீடு, மையத்துச் சாவி அவளிடம்தான் இருந்தது.

விருந்தினர் ஒருவர் அன்போடு கேட்டார். “எட்டு மணி நேரம் எப்படிம்மா உட்கார்ந்து படிக்கிற?”

“நானுங்களா?” ராஜாமணி அகராதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தாள். “காலையில கதவத் தொறந்து கம்ப்யூட்டர் பெட்டியப் போட்டு உட்டுட்டு, மரவள்ளிக் காட்டுக்குப் போயிருவனுங்க.”

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் அம்மா மெதுவாகச் சொன்னார். “ஷமீமா, இந்தப் பொண்ணு இங்க நிக்குது. இப்பவும் உள்ள படிச்சுக்கிட்டிருக்கிறதா உங்க புள்ளி சொல்லுதே.”

எல்லோரும் உள்ளே போனோம். சுவரோரக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“உன் பேரு?” என்றேன்.

“வெள்ளையம்மாளுங்க.”

விஷயம் இதுதான். அங்கே இணையம் ஆமை வேகம். ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைய அரை மணி நேரம் ஆகும். அதனால் காலையில் யார் பெயரில் திறந்தார்களோ அதிலேயே மாலைவரை எல்லோரும் படித்தார்கள். வெள்ளையம்மாள் எடப்புளி நாட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து வருபவள். ஒருநாளும் முதல் ஆளாக வர முடிந்ததில்லை. ராஜாமணி பெயரில் நான் மெச்சிய நிமிடங்களில் பெரும்பகுதி இவளுடையது. மதிப்பெண்களும்தான்.

“காயிதம் வரலியா?” என்று கேட்டேன். (என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்காது.)

“வந்துச்சுங்க. பேரத்தான் எடுத்துட்டதா எழுதியிருந்தீங்க. படிக்க வரக் கூடாதுன்னு எழுதலீங்க. அதான் வந்தேன்.”

விண்ணப்பம் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். அவளிடம் போட்டோகூட இல்லை. செயலாளர் அம்மா என்னைத் திட்டவில்லை. “பஸ் எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நானும் வெள்ளையம்மாளும் மத்தியான பஸ்ஸில் மலை இறங்கினோம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நான் வாந்தியெடுத்துக்கொண்டிருக்க, யாரை நீக்கினேனோ அவளே என் தலையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தெளிந்ததும், “நான் ஒரு தடவ வந்து பாத்திருக்கணும். தப்பு என்மேலதான்” என்றேன்.

“நாங்களும் சொல்லியிருக்கலாமுங்க. உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல எல்லாமே தெரியும்னு சொன்னாங்க. இதுவும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சமுங்க.”

நான் மறுபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். அடுத்த வளைவு வந்தது நல்லதாகப் போயிற்று.

சேந்தமங்கலத்தில் போட்டோ எடுத்து, எங்கள் வீட்டில் தங்கவைத்து, காலையில் நாமக்கல் போய் வரிசையில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்தோம். முத்திரை குத்தும்வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவள் ஐந்து பாடத்தில் தேறி, வணிகவியலில் தவறி, அடுத்த முறை எழுதி அதையும் முடித்தாள். இப்போது செம்மேட்டில் மிளகு விவசாயிகள் சங்கத்தில் கணக்கு பார்க்கிறாள். நான் அதன்பின் வாரம் இரண்டு முறை மலை ஏறினேன், கையில் பாலித்தீன் பையோடு.

எங்கள் வீட்டில் தங்கிய அன்றிரவு சாப்பிடும்போது வெள்ளையம்மாள் கள்ளங்கபடமில்லாமல் முழுக்கதையையும் சொன்னதுதான் வினையாயிற்று. என் அத்தா, அதாவது அப்பா, விடவே இல்லை. அவருடைய கடைக்கு வந்து யாராவது என்னைக் கேட்டால், “ஊட்ல இருக்கிறதாத்தான் காட்டுது. இருங்க, நேர்ல இருக்காளான்னு பாத்துட்டு வாரேன்” என்பார்.

என் நிக்காஹ் அன்று, மணப்பெண்ணின் சம்மதம் கேட்க பெண் சார்பாகப் பேசும் வக்கீலும் சாட்சிகளும் உள்ளறைக்குக் கிளம்பினார்கள். பதிவுப் புத்தகம் வைத்திருந்தவர், நேரமாகிறதே என்று அவர்கள் திரும்புமுன்பே எழுதப் பேனாவைத் திறந்தார். அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது உள்ளே என் காதுவரை கேட்டது.

“அவசரப்படாதீங்க. என் மக விஷயத்துல ஆள நேர்ல பாக்காம எதையும் எழுதக் கூடாது.”

யாருக்கும் புரியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாள்தான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சம்மதம் சொன்னபோது என் குரல் தழுதழுத்ததாக மாமியார் வீட்டில் இன்றும் நம்புகிறார்கள். சிரிப்பை அடக்கியது அவர்களுக்குத் தெரியாது.