நானே கேட்டு ஏறிய போலீஸ் வேன்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கைதாகியிருக்கிறேன். அதுவும் வேனில் இடம் இருக்கிறதா என்று நானே கேட்டுக் கைதானேன்.

சிங்கப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, நிச்சயதார்த்தத்துக்காக முதல்முறை ஊர் திரும்பிய சனிக்கிழமை அது. திருச்சி விமான நிலையத்துக்கு வேன் எடுத்து வருவதாகத் தம்பி எழுதியிருந்தான். வேண்டாம், பாசஞ்சர் ரயிலில் வருகிறேன், நீ நீடாமங்கலம் ஸ்டேஷனில் நில், நாலரைக்குப் பெண் வீட்டில் இருப்போம் என்று பதில் போட்டேன். என்ன சிக்கனமான பையன் என்று வீட்டில் மெச்சினார்களாம். உண்மையில், வேனில் வந்தால் என் கோட்டும் டையும் யார் கண்ணில் படும்? சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். தஞ்சாவூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பெட்டி நிறைய ஏறுவார்கள்.

ஏறினார்கள். பார்த்தார்கள். (சித்திரை வெயிலில் கோட்டும் டையுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தால் பார்க்காமல் என்ன செய்வார்கள்?) கோயில்வெண்ணிக்குப் பக்கத்தில் ரயில் நின்றது. எட்டிப் பார்த்தால், தண்டவாளத்தில் செங்கொடியோடு இருநூறு பேர். கோயில் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு மனைப்பட்டா கேட்டு மறியல்.

"பேசாம உக்காருங்க தம்பி, கொஞ்ச நேரத்துல எடுத்துருவான்" என்றார் எதிர் சீட்டுக்காரர்.

உட்கார முடிந்தால்தானே? பெண்ணின் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலாளர். சொன்ன நேரத்துக்கு வராத ஒரே குற்றத்துக்காக ஏற்கெனவே ஒரு வரனைத் திருப்பி அனுப்பியவர். பெண்ணின் போட்டோவோ என் சட்டைப் பையில் ஆறு மாதமாக இருந்து, எடுத்து எடுத்துப் பார்த்ததில் ஓரம் தேய்ந்துபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்து நான்கு போலீஸ் வேன்கள் வந்தன. இறங்கி ஓடினேன்.

"இதெல்லாம் எங்க சார் போவுது?"

"நீடாமங்கலம் கல்யாண மண்டபம்" என்றார் ஏட்டு.

பெண் வீட்டுக்கு அடுத்த தெரு. "சார், எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

அவர் என்னைத் தலையிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தார். "உங்களுக்கும் பட்டா வேணுமா? ஏறுங்க."

ரயிலில் இருந்த சிங்கப்பூர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏற முடியாது. திரும்ப ஓடி, எதிர் சீட்டுக்காரரிடம், "ஸ்டேஷன்ல என் தம்பி நிப்பான், குடுத்துருங்க" என்று ஒப்படைத்தேன். (பெட்டி போய்ச் சேரும் ரயிலில் நானும் போய்ச் சேரலாம் என்பது ஏனோ எனக்குத் தோன்றவில்லை.)

வேனுக்குள் ஒரு அக்கா என் கையில் கொடியைக் கொடுத்தார். "கோட்டுப் போட்ட தோழரே, சும்மா வந்தா எப்படி? ஒரு சத்தம் குடுங்க." ஊர் நெருங்க நெருங்க எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. "கொடு கொடு, பட்டா கொடு" என்று நான் போட்ட கோஷத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

மண்டபத்தில் எல்லோரும் சாவகாசமாகத் துண்டை விரித்துப் படுத்தார்கள். நான் வாசலுக்கு நடந்தேன். இன்ஸ்பெக்டர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"ஆறு மணிக்குத்தான் விடுவோம்."

"சார், நாலரைக்கு எனக்கு நிச்சயதார்த்தம்."

"மண்டபத்துலதான இருக்கீங்க, அப்புறம் என்ன?"

அப்போது ஒரு ரயில் ஊதிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் நுழையும் சத்தம் கேட்டது. என் ரயில். மறியல் செய்தவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டால் வழி காலியாகிவிடும் என்று சிங்கப்பூர் ரிட்டர்ன் மூளைக்கு அப்போதுதான் எட்டியது.

பெட்டி பத்திரமாக இறங்கியது. "உங்க அண்ணன் கைதாயிட்டாரு" என்ற சேதியும் கூடவே இறங்கியது. தம்பி அழாத குறையாகப் பெண் வீட்டில் போய்ச் சொல்ல, நாலேகாலுக்கு வருங்கால மாமனார் தட்டு, பழம், பெண், உறவு ஜனம் அத்தனையோடும் மண்டபத்து வாசலுக்கே வந்துவிட்டார். முதலில் இன்ஸ்பெக்டரிடமும் ஏட்டிடமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார். பிறகு பெண்ணிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். அப்புறம் வந்து என் தோளில் கை போட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தோழர்களே, பொண்ணு நிச்சயம்னு நான் இன்னைக்கு வீட்டுல நின்னுட்டேன். எனக்குப் பதிலா மாப்பிள்ளை பிளேனை விட்டு இறங்கி நேரா போராட்டத்துக்கு வந்திருக்காரு."

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். போலீஸ் காவலில், இருநூறு சாட்சிகள் முன்னிலையில், நாலரைக்குத் தட்டு மாற்றினோம்.

கல்யாணமாகி ஒரு மாதம் அந்த வீர வேஷத்தைச் சுமந்தேன். பிறகு தாங்காமல் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும். ஏட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரே. அப்பா என்கிட்ட வந்து, 'யோசிக்காதம்மா, எந்த வண்டி வந்தாலும் ஏறிக்கிற ஆளு, நீ சொன்னா கேப்பாரு'ன்னாரு. அப்புறந்தான் நான் சரின்னேன்."