கட்டத்துக்குள் வராத சாட்சி

கட்டம் போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. ஜோசியரைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜோசியராவது முதலில் ஆளைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் கட்டம் போடுவார். நான் சொல்லும் இனம் முதலில் கட்டத்தைப் போட்டுவிடும், ஆளை அப்புறம்தான் தேடும். வெள்ளைப் பலகையும் நாலு நிறப் பேனாவும் கிடைக்கிற எந்த இடத்திலும் இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்றாலும், சர்வதேச நீதிமன்றத்தில் தழைப்பதுபோல வேறெங்கும் தழைப்பதில்லை. ஏன் தெரியுமா? அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருக்கும், விதிக்கு விலக்கு இருக்கும், அந்த விலக்கைக் கேட்டுப் பெறுவதற்கு இன்னொரு விதி இருக்கும். கட்டம் போடுகிறவருக்கு இதைவிட நல்ல தீனி எங்கே கிடைக்கும்?

ஹேக் நகரத்தில் அப்படிப்பட்ட ஒரு நீதிமன்றத்தில்தான் நான் வெகுகாலமாக விசாரணைப் பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். எங்களுக்கு வாய்த்தவர் பெயர் மார்னிக்ஸ் டெர்போர்க். பதவி, தொழில்நுட்பக் கட்டமைப்பு மற்றும் தகவல் சேவைகளின் தலைவர். கணினி நின்றுபோனால் திட்டுவதற்கென்று வைத்திருக்கும் ஆள் போலிருக்கிறது என்று நாங்கள் முதலில் சந்தோஷப்பட்டோம். இல்லை. நின்றுபோன கணினியைப் பார்க்க வேறு ஆட்கள் உண்டு. கணினிகள் எல்லாம் எப்படி ஓடவேண்டும் என்று படம் வரைவதுதான் இவர் வேலை.

எந்தக் கூட்டத்திலும் அவர் இரண்டு படங்களைக் காட்டுவார். முதல் படத்துக்கு 'இன்றைய நிலை' என்று பெயர்; அதில் கோடுகள் எல்லாம் பூனை உருட்டிய நூல்கண்டாகக் கிடக்கும், நடுவில் ஒரு சிவப்புக் கட்டம் இருக்கும், அதைப் பார்த்ததும் நாம் வெட்கப்படவேண்டும். இரண்டாவதன் பெயர் 'நாளைய நிலை'. அதில் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு, எல்லா அம்புகளும் ஒரே திசை, மனிதர் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஏதாவது கேட்டால் இரண்டு பதில் வைத்திருப்பார். ஒன்று, "கொள்கை அளவுல அது தீர்ந்துபோன பிரச்சினை." இன்னொன்று, "அது இரண்டாம் கட்டத்துல வருது." இரண்டாம் கட்டத்தைக் கண்டவர் எங்கள் அலுவலகத்தில் இன்றுவரை கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரையும்போல ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மோரும்தான் கொண்டுவருவார். ஆனால் ரொட்டியைக் கையில் எடுத்தால் சும்மா தின்னமாட்டார், இது கீழடுக்கு, இது நடு அடுக்கு என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிவிட்டுத்தான் கடிப்பார். அவர் பிறந்தநாளுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரவைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். காப்பிக் குவளை எந்தப் பக்கமாகச் சுற்றிவரவேண்டும் என்று சுவரில் படம் ஒட்டியிருந்தது இவர் வீட்டில் மட்டும்தான். எதிர்ப்பக்கமிருந்து குவளையை வாங்கிய ஒரு மாமாவை அவர் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கெட்ட மனிதர் என்று நினைக்கவேண்டாம். மழையோ காற்றோ, மிதிவண்டியில் நனைந்துகொண்டே முதல் ஆளாக வேலைக்கு வந்துவிடுகிறவர். எங்கள் சாட்சிகளின் பெயர் வெளியே கசிந்தால் அவர்கள் உயிருக்கே ஆபத்து. அந்தப் பயம் அவரை உண்மையாகவே தூங்கவிடவில்லை. அதனால்தான் 'ஒற்றை வாசல்' என்று ஒன்றைக் கட்டினார். நீதிமன்றத்துக்குள் கணினி வழியாக யார் வந்தாலும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வரவேண்டும். வருகிறவர் பெயர், துறை, பொறுப்பு அதிகாரி மூன்றையும் அது கேட்கும். அந்தப் பொறுப்பு அதிகாரி தன் கைப்பேசியில் சம்மதம் சொன்னால்தான் கதவு திறக்கும். நீதிபதிகள் உள்ளே வந்தார்கள், வழக்கறிஞர்கள் வந்தார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் வந்தார்கள், நானும் வந்தேன். அற்புதம் என்றோம்.

அதுவரை தூரத்துச் சாட்சிகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்த பழைய பெட்டிக்கு ஒரு விடைகொடுப்பு விழா நடந்தது. யார் கொண்டாடுகிறாரோ அவரே கேக் கொண்டுவரவேண்டும் என்பது ஊர் வழக்கம் ஆதலால், மார்னிக்ஸ் தன் கையாலேயே ஆப்பிள் கேக் சுட்டு எடுத்து வந்து, அந்தப் பெட்டியின் தலைமேலேயே வைத்து வெட்டினார். கொண்டாட்டத்துக்குரியவரின் சொந்தபந்தத்தையும் கைகுலுக்கி வாழ்த்துவது இங்கே மரியாதை. பெட்டிக்கு நெருங்கிய சொந்தம் என்றால் அதை இத்தனை காலம் தட்டியும் திட்டியும் ஓட்டிய கோர்டுலாதான். விசாரணைக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆஸ்திரிய அம்மாள். எல்லாரும் வரிசையில் நின்று அவருக்குக் கைகொடுத்தோம்.

"வாழ்த்தா, துக்கம் விசாரிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்த விசாரணை நாளிலேயே சாட்சி பதினேழு வந்தார். ஒரே இரவில் ஓர் ஆற்றங்கரை ஊர் காணாமல் போன வழக்கு அது. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் இருந்தவர் மீன் விற்கும் இந்த அம்மாள் ஒருவர்தான். யாருக்கும் தெரியாமல் படகில் கூட்டிவந்து, எங்கோ ஒரு வீட்டில், எங்கள் அலுவலர் ஒருவர் துணையோடு கணினி முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். சாயங்காலப் படகில் திரும்பிவிடவேண்டும். இன்னொரு முறை வந்தால் ஊரில் யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்கள். பேசினால் இன்று, இல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை.

வாசல் பெயர் கேட்டது. உண்மைப் பெயரை எந்தக் கணினியிலும் ஏற்றக்கூடாது என்பது நீதிபதிகளின் உத்தரவு. 'சாட்சி பதினேழு' என்று போட்டார்கள், வாசல் ஏற்றுக்கொண்டது. துறை என்ற இடத்தில் 'சாட்சிகள்'. அதையும் ஏற்றுக்கொண்டது. பொறுப்பு அதிகாரி யார் என்று கேட்டது. சாட்சிக்கு ஏது மேலதிகாரி?

வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் ஏதோ ஒரு பெயரைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இது நீதிமன்றம் அல்லவா?

அரசுத்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "என் பேரைப் போட்டுக்குங்க" என்றார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவர் உட்காருவதற்குள் எழுந்துவிட்டார். "அப்ப சாட்சி உங்க ஆளுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. இதைப் பதிவு பண்ணிக்கணும்."

நான் பதிவு செய்தேன்.

அப்படியானால் நீதிபதியின் பெயரையே போடலாமே என்று யாரோ சொல்ல, சாட்சி நீதிபதிக்குக் கீழே வேலை பார்க்கிறாரென்றால் நடுநிலைமை என்ன ஆவது என்று இரண்டு தரப்பும் அந்த வழக்கிலேயே முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து எழுந்தன. கடைசியில் தலைமை நீதிபதி எச்செவெர்ரி எதிர்த்தரப்பைப் பார்த்து, "உங்க பேரையே போட்டுடலாமா?" என்று கேட்டார். அந்த உருகுவே அம்மாளுக்குப் பொறுமை குறைவு, நக்கல் அதிகம். வழக்கறிஞர் தன் கட்சிக்காரரைக் கலந்துகொள்ள அவகாசம் கேட்டார். மேற்கோள்கள் வந்தன, பழைய தீர்ப்புகள் வந்தன. கடிகாரம் மட்டும் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மார்னிக்ஸை அழைத்தார்கள். சுருட்டிய படத்தோடு வந்தார்.

"கொள்கை அளவுல இது தீர்ந்துபோன பிரச்சினைங்க, தலைவர் அவர்களே. பொறுப்பு அதிகாரி இல்லாதவங்க இரண்டாம் கட்டத்துல வர்றாங்க."

"இரண்டாம் கட்டம் எப்ப?"

"முதல் கட்டம் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு."

"இப்ப பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

கோர்டுலா பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தார். "மார்னிக்ஸ், பழைய பெட்டி சாமான் ரூம்லதான்பா இருக்கு."

"அது இல்ல, கோர்டுலா."

"இருக்குப்பா. காலைல என் கோட்டை அது மேலதான் வச்சேன்."

"படத்துல இல்லைன்னு சொல்றேன்."

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். அப்போது தொலைபேசியில் எங்கள் அலுவலர் சொன்னார்: படகுக்காரர் வந்து வாசலில் நிற்கிறாராம், அந்த அம்மாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாராம், தான் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமா என்று கேட்கிறாராம்.

சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி எச்செவெர்ரி தொலைபேசியைக் கூடத்தின் ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். "நாம இத்தனை பேர் பேசியாச்சு. அந்தம்மாவையே கேளுங்க. அவங்களுக்கு யார் பொறுப்புன்னு."

கேள்வி போனது. பதில் மொழிபெயர்ப்புக் கூண்டிலிருந்து வந்தது. சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் முறை. ஆகவே கூண்டுக்குள் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு நடுவயது ஆண் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"எனக்குப் பொறுப்பா இருந்தது எங்க அண்ணன் ஒருத்தருதாங்க. அவரை எங்க கொண்டுபோனாங்கன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். கதவை எப்பங்க தொறப்பீங்க?"

நான் அந்த வரியைத் தட்டி முடித்தேன். யாரும் எழவில்லை, யாரும் ஆட்சேபிக்கவில்லை. மார்னிக்ஸ் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், அதை அப்படியே நாற்காலியில் போட்டார், வெளியே ஓடினார். எங்கள் கட்டடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது படத்தில் இல்லாத அந்தப் பெட்டியைச் சக்கர வண்டியில் தானே தள்ளிக்கொண்டு வந்தார். அதன் தலைமேல் கேக் துணுக்குகள் ஒட்டியிருந்தன, கோர்டுலாவின் கோட்டும் கிடந்தது.

பெட்டி வழக்கம்போல ஒரு குத்து வாங்கிக்கொண்டு உயிர்பெற்றது. எண்ணைச் சுழற்றியதும் அந்த அம்மாள் திரையில் தெரிந்தார். பெட்டியின் பின்பக்கம் ஒரு கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, விட்டால் படம் போய்விடும். அதைக் கட்டைவிரலால் அழுத்தியபடி, சாட்சியம் முடியும்வரை மார்னிக்ஸ் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தார். இத்தனை காலம் இந்த நீதிமன்றத்துக்குப் படம் வரைந்த மனிதர் அன்றுதான் முதன்முதலாக ஒரு சாட்சி பேசுவதை முழுசாகக் கேட்டார். அந்த அம்மாள் சொன்னதை இங்கே நான் சொல்லக்கூடாது. சொல்லி முடித்தார், படகையும் பிடித்தார். மார்னிக்ஸ் எழுந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அந்த மனம் வந்துவிட்டது. வேலைக்கு வந்ததும் வராததுமாக மார்னிக்ஸ் புதுப் படம் ஒன்றை மாட்டியிருந்தார். மூலையில் ஒரே ஒரு கட்டம், அம்பும் இல்லை, பெயரும் இல்லை.

"இது என்னப்பா, எதோடயும் சேராம நிக்குது?" என்றார் கோர்டுலா.

"அது அவங்க வர்ற வழி," என்றார் மார்னிக்ஸ். "அங்க நாம ஒண்ணும் கேக்கறதில்ல."

எனக்கு அந்தக் கட்டத்தின்மேல் மரியாதையே வந்துவிட்டது. ஆனால் வெறும் கட்டத்தைச் சும்மா விட்டுவைக்க எங்கள் ஆட்களால் முடியுமா? அந்த வாரம் முடிவதற்குள் அதற்கு ஒரு குழு அமைந்தது. யாரையும் ஒன்றும் கேட்காத அந்த வழியில் வருவதற்கு யாரிடம் கேட்கவேண்டும் என்று குழு விவாதிக்கிறது. குழுவே வேண்டாம் என்று மார்னிக்ஸ் எதிர்த்து வாக்களித்தார். தோற்றுப்போனார். எதிர்த்தவர் அவர் ஒருவர்தான்; மற்ற கைகள் எல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களின் கைகள்.

நீங்களும் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். நல்லது. அடுத்த தடவை உங்கள் கதவைத் தட்டி ஒருவர் மூச்சு வாங்க நிற்கும்போது, உங்கள் வாயில் முதலில் வருவது "உள்ள வாங்க" என்பதா, "யார் அனுப்பினாங்க?" என்பதா என்று கொஞ்சம் கவனியுங்கள். இரண்டாவதுதான் என்றால் வெட்கப்படவேண்டியதில்லை. எங்கள் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வரும்போது கேக்கை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்.