காரை விட மூத்த மூடி

மூடி மூன்று துண்டாகக் கிடந்தது. மாப்பிள்ளை நான்காவது முறையாக எண்ணிப் பார்த்தார். மூன்றுதான்.

மாமனாரின் காருக்கு நாற்பத்தொரு வயது. இன்ஜினைப் பற்றவைக்கிற சாமான்கள் அத்தனையும் அதனோடு கூடப் பிறந்தவை என்பதுதான் மாமனாரின் வாழ்நாள் பெருமை. மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கும் காயில், பிளக் ஒயர்கள், ஒயர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் இந்த மூடி, எல்லாமே அசல். சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய கார் சங்கத்தின் பரிசோதகர் வந்து ஆமாம் என்று சொல்லிவிட்டால் பித்தளைப் பட்டயம் கிடைக்கும். அதற்காக மனிதர் பதினோரு வருஷமாகத் தவம் கிடந்தார்.

கல்யாணமான ஆறு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாகக் கார்ச் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "தூசி மட்டும் தட்டி வைங்க மாப்பிள்ளை. வேற யாரையும் நான் நம்பல" என்று சொல்லிவிட்டு முடிதிருத்தும் கடைக்குப் போனார். பட்டயம் வாங்கும் போட்டோவுக்காகத் தலைக்கு மை பூசிக்கொள்ள வேண்டுமாம்.

தூசியை மட்டும் தட்டியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? மூடியைக் கழற்றித் துடைத்தார். வழுக்கி விழுந்தது.

சத்தம் கேட்டு வந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ! அப்பா உயிரையே விட்டுடுவாருங்க!"

"அதுக்கு முன்னாடி என் உயிரை எடுத்துடுவாரு."

துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உதிரிபாகக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அதே மாதிரி மூடி ஒன்றை எடுத்து வைத்தார். பளபளவென்று மின்னியது.

"இதுலயே கொஞ்சம் பழசா இருக்கா?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன் சார். இந்தக் கேள்விய இன்னிக்குத்தான் கேக்கறேன்."

வீட்டுக்கு வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பளபளப்புப் போய் மாவு பூசிய முகம் மாதிரி வெளுத்துவிட்டது.

"டீத்தண்ணியில ஊற வைங்க. ஸ்கூல் நாடகத்துல பழைய கடுதாசிக்கு அப்படித்தான் பண்ணோம்" என்றாள் மனைவி.

அடுப்பில் டீ கொதித்தது. உள்ளே மூடி மிதந்தது. அந்த நேரம் பார்த்து மாமியார் வந்தார்.

"யாருக்கு இவ்ளோ டீ?"

"எனக்குத்தான் அத்தை. ஒரே தலைவலி."

மாமியார் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "பால் ஊத்தாம குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீயிலிருந்து வெளியே வந்த மூடி கிழடு தட்டிப் போயிருந்தது. காரில் மாட்டினால், பக்கத்தில் இருந்த ஒயர்கள் அதன் பேத்திகள் மாதிரி தெரிந்தன. ஒயர்களுக்குக் கரியும் எண்ணெயும் தடவினார். இப்போது காயில் இளமையாகத் தெரிந்தது. அதற்குச் சாம்பல் பூசினார். உடனே மூடி சின்னப் பிள்ளையாகிவிட்டது. அதற்கு இன்னொரு தடவை டீ. மூன்றரை மணிக்கு இன்ஜினைப் பார்த்தால் தீப்பிடித்த வீட்டிலிருந்து இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

"அப்பா வந்துட்டாருங்க!"

மாமனார் பத்து வயது குறைந்து வந்து நின்றார். மாப்பிள்ளை படாரென்று பானட்டை மூடினார்.

பரிசோதகர் சரியாக நாலு மணிக்கு வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, முகர்ந்தே வயது சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்தவர். மூடியைப் பார்த்தார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"காருக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?"

"நாப்பத்தொண்ணு சார்."

"இந்த மூடிக்கு அறுபது குறையாது. ஒயர், காயிலு எல்லாமே அப்படித்தான். கார் பொறக்கறதுக்கு இருபது வருஷம் முன்னாடி செஞ்ச சாமானை எவனோ கொண்டாந்து மாட்டியிருக்கான். அசல் இல்ல." நோட்டில் குறுக்குக் கோடு போடப் பேனாவைத் திறந்தார்.

"நான் ஒண்ணைக்கூட மாத்தினதில்ல சார்... சத்தியமா..." மாமனாருக்குக் குரல் உடைந்தது. கருகருவென்ற தலைக்குக் கீழே முகம் மட்டும் சுருங்கிப் போனது.

மாப்பிள்ளை சட்டைப்பையில் இருந்த கைக்குட்டை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். ஆறு வருஷம் கழித்துக் கிடைத்த நம்பிக்கை. போனால் போகட்டும், அந்த மனிதரின் பட்டயம் போகக் கூடாது.

"மாமா, நான்தான் உடைச்சேன்!"

கைக்குட்டையை அவிழ்த்து மூன்று துண்டுகளையும் நீட்டினார். டீ, கரி, சாம்பல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

பரிசோதகர் துண்டுகளை உள்ளங்கையில் சேர்த்து வைத்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்தார். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகா! இதுதான்யா அசல்! என்ன மணம்! உள்ளுக்குள்ள ஊறி இறங்கியிருக்கிற இந்தக் கறையைப் பாருங்க. நாப்பத்தொரு வருஷம் சூட்டுலயும் புகையிலயும் கெடந்தாத்தான் இப்படி வரும். மனுஷன் கையால செஞ்சிட முடியுமா? உடைஞ்சாலும் அசல் அசல்தான். ஒட்டி மாட்டிக்குங்க."

அப்புறம் ஒயர்களையும் காயிலையும் துணியால் துடைத்தார். கரிக்கும் சாம்பலுக்கும் அடியில் கார் பிறந்த வருஷம் பளிச்சென்று அச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மாமனார் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தலை மை மாப்பிள்ளையின் தோளில் அப்பியது. "உண்மையைச் சொன்னீங்க பாருங்க மாப்பிள்ளை, அது போதும் எனக்கு! இந்தக் காரும் பொய் சொன்னதில்ல, நீங்களும் சொல்லல!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கப் போனார்.

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமியார் ஒரு டம்ளரை அவர் கையில் கொடுத்து, காதருகே குனிந்தார்.

"டீக்கறையெல்லாம் நிக்காது மாப்பிள்ளை, எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் உடைச்சப்ப, புது மூடியக் காப்பித்தண்ணியிலதான் ரெண்டு நாள் ஊற வெச்சேன்."