லியோ பிரபு பாடப்போன பாட்டு

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் லியோ பிரபு. கதை நடந்ததும் அவனுக்குத்தான். ஆனாலும் பல வருஷமாக எனக்கு இதில் சந்தேகம். லியோ பொய் சொல்கிறவன் இல்லை. அவனுக்கே முழுக்கதை தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

அரியலூரில் அறிவியல் வாத்தியார் லியோ. செல்போன் கடை வைத்திருக்கும் சாம், கிடார் வாசிக்கும் முத்தமிழ்செல்வன் இருவரையும் சேர்த்துக்கொண்டு 'சுண்ணாம்பு' என்று ஒரு ராக் பேண்டு ஆரம்பித்தான். முதல் பாட்டு, 'ஒதுங்கு, லாரி வருது'. சிமெண்டு லாரியைக் கண்டு சைக்கிளை மண்ணில் இறக்கிய எவனுக்கும் அது உறைக்கும். ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் வீடியோ எடுக்க ஏற்பாடு. லியோதான் பாடகன். தலையில் மிச்சமிருக்கும் முடியும் போவதற்குள் ஒரு தடவையாவது திரையில் பாடிவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

குறுக்கே நின்றாள் மனைவி சகாய பிரியா. மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவி. லியோவின் சுருதி இறங்கினால் அவள் புருவம் ஏறும்.

"இந்த வயசுல குதிக்கப் போறீங்களாக்கும்? பாடுறதா இருந்தா கோயில்ல பாடுங்க. அங்கதான் மன்னிப்பாங்க."

லியோ திட்டம் போட்டான். ஷூட்டிங் நாளன்றுதான் வேளாங்கண்ணிக்கு நடைபயணக் கூட்டம் கிளம்புகிறது. காவி உடுத்திக் கூட்டத்தோடு நடப்பது. கீழப்பழுவூரில் நழுவி, சாமின் பைக்கில் ஏறிப் பள்ளத்துக்குப் போவது. பிறகு சாம் வீட்டு மாடியில் சில நாள் படுத்திருந்துவிட்டு, நொண்டிக்கொண்டே வீடு திரும்புவது.

"பிரியா, மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். நடந்தே போறேன்."

"நீங்களா? தெருமுனைக்கே வண்டி எடுப்பீங்களே!"

"பக்தி வந்துடுச்சு."

"வரட்டுங்க. நல்லதுதானே."

கிளம்பும் அன்று காலை மாதா சப்பரத்துக்கு முன்னால் அவள் மைக்கோடு நின்றாள்.

"ஃபாதர்கிட்ட சொல்லிட்டேங்க. வழி முழுக்கப் பாட்டு எடுத்துக் குடுக்கிறது நீங்கதான்."

அங்கே மாட்டினான். நடைபயணத்தில் ஒருவர் மைக்கில் ஒரு வரி பாடுவார். கூட்டம் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே நடக்கும். கடைசியில் வருகிறவன் நழுவலாம். மைக் பிடித்தவன் வாயை மூடினால் கூட்டமே நின்று அவனைப் பார்க்கும். கீழப்பழுவூரில் சாம் பைக்கோடு நின்றான். பாடிக்கொண்டே லியோ கண்ணால் கெஞ்சினான். சாம் பயபக்தியோடு கும்பிட்டு வழியனுப்பினான்.

வேளாங்கண்ணிக் கடலைப் பார்த்தபோது காலில் கொப்புளம்; தொண்டையில் வெறும் காற்று. போன் அடித்தது. சாம்.

"அண்ணே, ஷூட்டிங் அமோகமா முடிஞ்சுது!"

"நா இல்லாம யாருடா பாடுனது?"

"அண்ணிதாண்ணே. வூட்டுக்காரரு கோயிலுக்குப் போயிட்டாரேன்னு ஓடியாந்து கை குடுத்தாங்க."

சுண்ணாம்புப் புழுதி பறக்க சகாய பிரியா நடந்து வந்து உறுமிய உறுமலில் அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டமும் கிறங்கிப்போனது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் அவளோடு செல்ஃபி எடுக்கிறார்கள். லியோ அவள் கைப்பையோடு ஓரமாக நிற்கிறான்.

"என்மேல உசிருப்பா அவளுக்கு. கடைசி நிமிஷத்துல வந்து மானத்தக் காப்பாத்திட்டா" என்பான் என்னிடம்.

கேட்கலாமா என்று பல தடவை வாயெடுத்து அடக்கியிருக்கிறேன். ஒருத்தன் நிம்மதியாக நம்புவதைக் கலைக்க நான் யார்? போன வாரம் டீக்கடையில் மறுபடியும் அந்த வீடியோவைக் காட்டினான். பிரியா போட்டிருந்த கறுப்புத் தோல் ஜாக்கெட் தோளிலும் இடுப்பிலும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"எனக்குன்னு சாம் தைக்கக் குடுத்ததுப்பா அது" என்றான் லியோ, தொப்பையைத் தடவியபடி.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கேட்டே விட்டேன்.

"ஏம்ப்பா லியோ, அதுக்கு ஒன்ன யாராச்சும் அளவு எடுத்தாங்களா?"