கை நனைத்த கேஸ்

டிவி குற்றத் தொடருக்குக் கதை எழுதுகிறவன் போலீஸ்காரர் வீட்டில் பெண் எடுக்கக் கூடாது. எடுத்தே தீருவேன் என்றால், தன் கதை ஓடும் நேரத்திலாவது அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். நான் இரண்டு தப்பையும் செய்தேன்.

திண்டிவனத்திலிருந்து நான், அம்மா, தாய்மாமா மூவரும் விழுப்புரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் சங்கீதா. (போட்டோ பார்த்த அன்றே நான் விழுந்துவிட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.) அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். "வாங்க, உக்காருங்க" என்று அவர் சொன்னதற்கே எனக்கு வேர்த்துவிட்டது. கேசரியும் பஜ்ஜியும் வந்தன. அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "இப்ப டிவில எம் புள்ள எழுதுன கதைதாங்க ஓடுது" என்றாள். உடனே டிவியைப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கதையிலும் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுகிறான். விஷம். நுரை தள்ளிச் சாகிறான். பெண் அவன்மேல் விழுந்து கதறுகிறாள். அந்தக் கதறலை நான் தூக்கம் கெட்டு எழுதியிருந்தேன்.

"தம்பி," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ரிமோட்டை லத்தி மாதிரி பிடித்திருந்தார். "சம்மதம் ஆவறதுக்கு முன்ன எவனாவது பொண்ணு வூட்ல கை நனைப்பானா? பஜ்ஜி துன்னா பரவால்ல. சோறு துன்னா சம்மதம்னு அர்த்தம். அப்ப இந்தக் கொலையே நடக்காதே?"

கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தேன். "அது வந்து சார்... கேரக்டர் டிராமா..."

கதவோரம் நின்ற சங்கீதா மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பொண்ணு அவர இப்பத்தானே பாக்குது? அதுக்குள்ள இன்னா இப்படி மார்ல அடிச்சிக்கினு அழுவுது?"

(அப்பா கதையைத்தான் கொன்றார். மகள் என்னையே கொன்றாள்.)

இந்தப் பெண் நமக்கில்லை என்ற பயம் வந்துவிட்டது. எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். "அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப யாரு சம்மதம் பாக்குறாங்க? பசிச்சா சாப்பிட வேண்டியதுதான்."

"நீங்க சாப்புடுவீங்களா?"

"தாராளமா சார்."

"அம்மாடி, ஒரு தட்டு சோறு கொண்டா."

சங்கீதாவே கொண்டுவந்து வைத்தாள். சோறு, கத்திரிக்காய்க் காரக்குழம்பு. எந்த வீடானாலும் 'ஊருக்குப் போய்ச் சொல்றோம்' என்று சொல்லிக் காக்க வைத்தால்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை என்பது அம்மாவின் கொள்கை. அவள் கண்ணாலேயே "வேணாம்டா" என்றாள். மாமா என் காலை மிதித்தார். ஆனால் எதிரே இருந்தது காலமெல்லாம் திருடர்களைப் பார்த்துப் பழகிய கண். கை தானாகப் பிசைந்தது. நான் எழுதிச் சாகடித்தவன் ஞாபகம் வேறு வந்து தொலைத்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

சாகவில்லை. அவர் டிவியை அணைத்தார். அம்மா பக்கம் திரும்பினார்.

"மாப்ள கை நனைச்சிட்டாருங்க. அப்புறம் இன்னா? ஜல்தியா தட்டு மாத்திக்கலாம்."

அம்மா மாமாவைப் பார்த்தாள், மாமா என் தட்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து சங்கீதா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குப் போன உயிர் வந்தது.

இப்போது நான் எந்தக் கதை எழுதினாலும் சங்கீதாதான் முதலில் படிக்கிறாள். "இது நடக்குமா?" என்று கேட்டுப் பாதியைத் தள்ளிவிடுகிறாள். எங்கள் சம்பந்தம் எப்படி முடிந்தது என்று யாராவது கேட்டால் போதும், மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"நான் கை ஓங்கவே இல்லங்க. ஒரு தட்டு சோறுதான் வெச்சேன். தானா ஒத்துக்கினாரு."