லைட் வாளுக்கு கர்ட்டன் மூடி போட்ட கதை

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். உடைஞ்சு போன லைட் வாளை ரிப்பேர் பண்ணி, மத்தியானத்துக்குள்ள மயிலத்துல தங்கச்சி குழலியோட காலேஜ்ல குடுக்கணும்.

லைட் வாள்னா வேற ஒண்ணும் இல்ல. வெள்ளை பைப்புக்குள்ள எல்இடி பட்டை. சுவிட்ச் போட்டா பச்சையா எரியும். குழலி எழுதி நடிக்கிற விண்வெளி நாடகத்துக்காக நானே செஞ்சது. திண்டிவனத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கறதால வீட்ல என்னை எஞ்சினியர்னு நம்பறாங்க. பாவம்!

ஒத்திகையில வில்லன் அது மேலயே ஏறி மிதிச்சுட்டான். கைப்பிடி, பேட்டரி, உச்சி மூடி எல்லாம் காலி.

"அண்ணே, மூணு வருஷமா கெஞ்சி இப்பதான் நாடகப் போட்டியில மேடை குடுத்துருக்காங்க. வாளு எரியலன்னா என் மானமே போச்சு"ன்னு அழுதுட்டா. எனக்கே மனசு கேக்கல.

கைப்பிடிக்கு பழைய மொபட்டோட ரப்பர் கிரிப்பை உருவினேன். பேட்டரிக்கு வீட்டு கொசு பேட்டைப் பிரிச்சேன். அம்மா இன்னும் அதைத் தேடிக்கினு இருக்காங்க. மூடிக்கு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"அண்ணே, லைட் வாளுக்கு மூடி இருக்கா?"

"இன்னா வால்வு? கேட் வால்வா, பால் வால்வா?"

"வால்வு இல்லண்ணே, வாளு. சண்டை போடற வாளு."

கடைக்காரர் அக்கம்பக்கம் பாத்தாரு. "எதுவா இருந்தாலும் என்கிட்ட வாங்குனேன்னு சொல்லிடாதபா!"

பைப் மூடி தீந்துடுச்சாம். அதுக்குப் பதிலா கர்ட்டன் கம்பி முனையில மாட்டற மூடியைக் குடுத்தாரு. தங்கக் கலரு. வெத்தலை மாதிரி அகலமா ஆரம்பிச்சு கூரா முடியுது. கச்சிதமா உக்காந்துச்சு. ஸ்டைலா இருக்கேன்னு நானே என்னை மெச்சிக்கினேன்.

அறிவாளி!

மயிலம் பஸ்ல ஏறினேன். பைக்குள்ள அடங்கல, அதனால கையில நிமித்திப் புடிச்சிக்கினு நின்னேன். நேத்து கிருத்திகைன்னு எனக்குத் தெரியாது. பஸ் முழுக்க மயிலம் மலை முருகன் கோயிலுக்குப் போற கூட்டம்.

கண்டக்டர்தான் ஆரம்பிச்சாரு. "சாமிக்கு வழி விடுங்க!"

எந்த சாமின்னு திரும்பிப் பாத்தேன். என்னைத்தான் சொல்றாரு.

பச்சைப் புடவை கட்டின அக்கா ஒருத்தங்க எழுந்துட்டாங்க. "வேலைக் கையில வச்சிக்கினு நிக்கலாமா? குந்துங்க சாமி."

"அக்கா, இது வேலு இல்ல. லைட் வாளு."

"லைட்டு வேலா! எந்த ஊரு கோயில்துங்க?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வேகத்தடை. பஸ் தூக்கிப் போட்டுச்சு. கிரிப்புக்குள்ள ஒயர் ஒண்ணோட ஒண்ணு உரசி, சுவிட்சைத் தொடாமயே பளிச்சுன்னு எரிஞ்சுடுச்சு.

"அரோகரா!"

அவ்ளோதான். ஒருத்தர் விபூதி பூசினாரு, ஒருத்தர் பூ சுத்தினாரு. கர்ட்டன் மூடியில எலுமிச்சம்பழத்தைக் குத்தினது யாருன்னு இன்னும் தெரியல.

பச்சைப் புடவை அக்கா காதுகிட்ட வந்தாங்க. "பொண்ணுக்கு வரன் அமைய மாட்டேங்குது. ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

"எனக்கே அமையலக்கா."

"பாத்தியா! சாமி நம்ம கஷ்டத்தை தன் கஷ்டமா சொல்லுது"ன்னு அழுதுட்டாங்க.

மயிலத்துல இறங்கினா, காலேஜ் பக்கம் திரும்பவே விடல. அப்படியே மலைப் பக்கம் தள்ளிக்கினு போறாங்க. குழலி போன் பண்றா.

"அண்ணே, எங்க இருக்க? ஜல்தி வா!"

"மலை ஏறிக்கினு இருக்கேன்."

"எதுக்கு?"

"எனக்கும் தெரியல."

அவ குரல் உடையறது கேட்டுச்சு. இதுக்கு மேல தாங்காது. வாளைத் தூக்கிக்கினு, கண்ணை மூடி, "உத்தரவு ஆயிடுச்சு! வேலு காலேஜுக்குப் போகணுமாம்!"னு கத்தினேன்.

விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். பின்னாடியே வந்துட்டாங்க.

காலேஜ் மேடைக்குப் பின்னாடி எலுமிச்சம்பழத்தைப் புடுங்கப் போனேன். "சாமி குத்தம்!"னு அக்கா கையைப் புடிச்சுட்டாங்க. அதுக்குள்ள திரை தூக்கிட்டாங்க. குழலி என் கையிலருந்து வாளைப் பிடுங்கிக்கினு ஓடிட்டா.

மேடையில இருட்டு. வேற கிரகம். வில்லன் எதிர்ல நிக்கறான். குழலி வாளை ஓங்கி, "இந்த அண்டத்தையே காப்பேன்!"னு சொல்லி சுவிட்சைத் தட்டினா.

எரிஞ்சுது! விபூதி, பூ, எலுமிச்சம்பழம் எல்லாத்தோடவும் பச்சையா எரிஞ்சுது.

கடைசி வரிசையிலருந்து ஒரே சத்தம். "அரோகரா!"

வில்லன் முகையூர்க்காரன், கிருத்திகைக்கு விரதம் இருக்கற பையனாம். சண்டை போடணும். அவன் என்ன பண்ணான் தெரியுமா? ஷூவைக் கழட்டினான். கன்னத்துல போட்டுக்கினான். அப்படியே நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டான்.

நாடகம் முடிஞ்சுது. கைதட்டல் நிக்கவே இல்ல.

கொஞ்ச நேரம் கழிச்சு குழலி கோப்பையோட வந்தா. முகத்துல சந்தோஷமா கோபமான்னு கண்டுபுடிக்க முடியல.

"பரிசாடி! எல்லாம் என் வாளாலதான்!"

"இதுல இன்னா எழுதியிருக்குன்னு படி."

படிச்சேன். "சிறந்த பக்தி நாடகம்."